செங்கமலத்தின் ஜலதோஷம்

ஒரு காட்டில், சரியாகச் சொல்வதென்றால் ஏழு காட்டுக்கும் சேர்த்து, ஒரு போதைத் தடுப்புத் துறை இருந்தது. அந்தந்தக் காட்டுக்கு அந்தந்தக் காட்டுப் போலீஸ் உண்டு. ஆனால் ஒரு காட்டில் துரத்தினால் சரக்கு ஓடையைத் தாண்டி அடுத்த காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே நம் போலீஸ் போக முடியாது. ஆகவே ஏழு காட்டு ராஜாக்களும் கூடி, மூன்று நாள் விருந்து சாப்பிட்டு, நடுவண் போதைத் தடுப்புத் துறை என்று ஒரு பெயர் கண்டுபிடித்து, ஆலமரத்தில் போர்டு மாட்டிவிட்டுப் போனார்கள்.

சரக்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, குப்பைமேனி வேர்தான். அதைக் கண்டால் பூனை சொக்கிப்போகும் என்பது நாட்டு வைத்தியர்களுக்குத் தெரிந்த விஷயம். அதை நிழலில் காயவைத்து, இடித்துச் சலித்து, தேக்கிலையில் பொட்டலம் கட்டினால் பூனை என்ன, முயல், மான், மிளா எல்லாமே சொக்கிப்போகும் என்பது நரி பரஞ்சோதிக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஓடைமேட்டுக் குகையில் அவர் தொழில் ஓகோவென்று நடந்தது.

அந்தக் காட்டில்தான் செங்கமலம் என்ற காட்டுப்பூனை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பெயர் சடையப்பன். ஒரு காலத்தில் அவன் பதுங்கினால் புல் அசையாது என்பார்கள். இப்போது அவன் பதுங்குவதில்லை. உண்ணிச்செடிப் புதருக்கடியில் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தான். பரஞ்சோதியின் பொட்டலம் ஆறு மாதமாக அவனை அப்படியே வைத்திருந்தது.

"என்னங்க, வேட்டைக்குப் போகலையா?" என்று செங்கமலம் கேட்பாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமை புள்ள."

"நேத்தும் வெள்ளிக்கெழமைன்னுதானே சொன்னீங்க?"

"அதான் சொல்றேன். இன்னும் முடியல."

இப்படிப்பட்ட ஆளோடு என்ன சண்டை போடுவது? அவள் தானே போய்க் காட்டுக்கோழி பிடித்து வந்து, அவன் வாயில் ஊட்டினாள். அவளுக்கு நகை நட்டு ஆசையெல்லாம் கிடையாது. காலையில் இவர் எழுந்திருக்க வேண்டும், முகம் கழுவ வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். இந்த மூன்றைத்தான் அவள் வனதேவதையிடம் வேண்டிக்கொண்டாள். வனதேவதை மூன்றையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

ஒருநாள் ஆலமரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். நடுவண் துறைக்குப் புலனாய்வாளர்கள் தேவை. செங்கமலம் அதை இரண்டு தரம் படித்தாள். 'பரஞ்சோதி கடையை நான் இழுத்து மூடினால், இந்த மனுஷன் எதைத் தின்று மல்லாந்து கிடப்பார்?' என்று யோசித்தாள். யோசனை அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது.

விண்ணப்பம் பதினோரு பக்கம். வாலின் நீளம் மூன்று பிரதிகளில் கேட்டிருந்தார்கள். நான்கு பாதத்துக்கும் ரேகை. நன்னடத்தைச் சான்று இரண்டு, தன்னைத் தின்ன முடியாத பிராணிகளிடமிருந்து. சான்றொப்பம் பச்சை மையில் இருக்க வேண்டும். பச்சை மை கிளிகளிடம் மட்டுமே இருந்ததால், கொய்யாமரத்தடியில் விடியற்காலையிலிருந்து வரிசை நின்றது. செங்கமலத்துக்கு முன்னால் நின்ற ஆமை, போன வருஷத்து அறிவிப்புக்கு வந்திருந்தது.

எழுத்துத் தேர்வில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஓட்டத்தில் முதலிடம். கடைசியாக வந்தது வாசனைத் தேர்வு.

துறைத் தலைவர் இருவாட்சி உத்தமநாதர் கிளையில் அமர்ந்திருந்தார். ஏழு காட்டிலும் அவ்வளவு பெரிய மூக்கு யாருக்கும் கிடையாது. அதில் ஒரு வாசனையும் ஏறாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். கீழே நான்கு மண்பானைகள், வாய் கட்டியபடி. ஒன்றில் களிமண், ஒன்றில் புளி, ஒன்றில் வறட்டி, ஒன்றில் தூள்.

செங்கமலம் பக்கத்தில்கூடப் போகவில்லை. பத்தடி தூரத்திலிருந்தே தூள் இருந்த பானையைக் காட்டினாள்.

கூட்டம் வாயைப் பிளந்தது. உத்தமநாதர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏம்மா, எப்படிக் கண்டுபிடிச்சே?"

"வாசனைங்க ஐயா."

"இதுதான் அந்த வாசனைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. "எங்க வீட்டுக்காரர் மேல தெனமும் அடிக்கும்ங்க ஐயா. ஆறு மாசமா அந்த வாசனை பக்கத்துலதான் படுத்துத் தூங்குறேன். அதை ஒழிக்கணும்னுதான் வந்தேன்" என்றாள்.

உத்தமநாதர் உருகிப்போனார். உருகிய முகத்தோடே கோப்பில் எழுதினார்: 'போதைப்பொருளோடு முன்பழக்கம் உண்டு. விதி பதினான்கின்படி தகுதி நீக்கம்.'

"ஐயா, வாசனை தெரியலைன்னா எப்படிங்க பிடிக்கிறது?"

"தெரியாதவன் பிடிச்சாத்தாம்மா அது புலனாய்வு. தெரிஞ்சவன் பிடிச்சா அது பழக்கம்" என்றார் அவர். "அடுத்தது!"

அடுத்தது அந்த ஆமை. நாலு பானையையும் நிதானமாக முகர்ந்து, புளிப்பானையைக் கைது செய்தது. தேர்ச்சி பெற்றது. மாலையில், பிடிபட்ட புளியை மேசைமேல் அடுக்கிவைத்து, அதற்குப் பின்னால் அதிகாரிகள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரம் துறை பிடித்ததில் பெரிய சரக்கு அதுதான்.

செங்கமலம் வீட்டுக்கு வந்து அழுதாள். புதருக்கடியில் சடையப்பன் மேகத்தோடு பேசிக்கொண்டிருந்தான். "அழாத புள்ள, நாளைக்குச் சனிக்கெழமை வந்துரும்" என்று ஆறுதல் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கிணற்றடி அத்திமரத்தில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் தொங்கியது. 'நடுவண் போதைத் தடுப்புத் துறைத் தேர்வுக்குச் சிறப்புப் பயிற்சி. வென்ற மாணவர்கள் இதோ!' என்று எழுதி, கீழே வட்ட வட்டமாக முகங்கள். ஆமை முகம் அதற்குள் ஏறியிருந்தது. நடுவில் கைகூப்பிச் சிரித்தபடி நிறுவனர். பரஞ்சோதி.

இரண்டு நாள் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனாள். பரஞ்சோதி எழுந்து வந்து வரவேற்றார்.

"வா தங்கச்சி. நீ வருவேன்னு தெரியும். சடையப்பன் சொகமா?"

"உங்க புண்ணியத்துல மல்லாந்து கெடக்காரு அண்ணே" என்றாள் செங்கமலம். நகங்கள் தரையைக் கிழித்தன. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்களைப் பிடிக்கிற வேலைக்கு நீங்களே ஏன் ஆள் தயார் பண்றீங்க?"

பரஞ்சோதி கோபித்துக்கொள்ளவில்லை. "யாராவது ஒருத்தன் அந்த வேலைக்கு வரத்தானே போறான்? அவன் நம்மகிட்ட படிச்ச பிள்ளையா இருந்துட்டுப் போகட்டுமே. பண்டிகைக்குப் பண்டிகை வந்து கால்ல விழுந்துட்டுப் போறாங்க. எதிரின்னு சொல்லிக்க எனக்கு ஆளே இல்ல தங்கச்சி. அது ஒரு கொறைதான்."

பாடம் அவ்வளவு கஷ்டமில்லை. மூக்கின் கீழே தூள் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, முகம் மாறாமல் ஏழு காட்டு ராஜாக்களின் பெயரையும் பட்டாபிஷேக வருஷத்தோடு ஒப்பிக்க வேண்டும். மற்ற பிராணிகளுக்கு இது மனப்பாடப் பிரச்சினை. செங்கமலம் பூனை. ஐந்தாவது ராஜாவை நெருங்கும்போது காது இரண்டும் சூடாகும், வயிற்றுக்குள் யாரோ சிரிப்பார்கள், முதுகைத் தரையில் போட்டு ஒரே ஒரு தரம் உருண்டால் என்ன என்று தோன்றும். அப்போதெல்லாம் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சடையப்பன் எப்படி விழுந்தான் என்று அன்றுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. கோபம் கொஞ்சம் குறைந்தது, பயம் கூடியது.

"கடைசியா ஒரு வார்த்தை" என்றார் பரஞ்சோதி. "வாசனை வருதான்னு யார் எப்பக் கேட்டாலும் ஒரே பதில்தான். ஜலதோஷம்ங்க ஐயா. இதைச் சொல்லத் தெரிஞ்சவன் இந்தத் துறையில தோத்ததா சரித்திரமே இல்ல."

அடுத்த தேர்வில் செங்கமலம் நாலு பானையையும் வெறித்துப் பார்த்தாள்.

"ஏதாவது வாசனை வருதாம்மா?"

"ஜலதோஷம்ங்க ஐயா."

"பிரமாதம்" என்றார் உத்தமநாதர். 'முன்பழக்கம் அறவே இல்லை' என்று எழுதி, வேலை உத்தரவை அன்றே கொடுத்தார். தொப்பி காதுக்குச் சரியாக இல்லை. இருந்தாலும் அவள் அதைப் போட்டுக்கொண்டு நேராக ஓடைமேட்டுக் குகைக்குப் போனாள். மூட்டை மூட்டையாகச் சரக்கு இருந்த இடத்தை ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்து, ஆலமரத்துக்கு ஓடிவந்து சொன்னாள்.

உத்தமநாதர் அவள் கோப்பைப் புரட்டினார். "மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தியா?"

"வாரண்ட் இல்லாமப் பிரிக்கக் கூடாதுங்களே. வெளியில நின்னே தெரிஞ்சுதுங்க."

"உன் கோப்புல வாசனை தெரியாதுன்னு இருக்கே. வெளியில நின்னு எப்படித் தெரிஞ்சுது?"

செங்கமலத்துக்கு விதி ஞாபகம் வந்தது. விண்ணப்பத்தில் பொய் சொன்னவருக்கு வேலையும் போகும், மூன்று வருஷம் கூண்டும் உண்டு. "தப்பாச் சொல்லிட்டேன்ங்க ஐயா" என்று சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தாள். வாசலில் ஆமை அடுத்த புளிமூட்டைக்குப் பறிமுதல் மகஜர் எழுதிக்கொண்டிருந்தது.

வழி என்னவோ கண்ணெதிரிலேயே தொங்கியது. சரக்கு வீட்டுச் சுவரில் கருவிகள் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். ஒன்று, கயிறு. இரண்டு, விசில். இப்படியே போய், ஏழு, வாசனை அறியும் கருவி: காலி. போன வருஷம் நகரத்திலிருந்து ஒரு மெஷின் வந்ததாம். எதைக் காட்டினாலும் கீகீ என்று கத்தியது. உத்தமநாதரைப் பார்த்தும் கத்தியதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சரக்கு வீடு என்றால், பிடிபட்ட பொருளையும் துறைக் கருவிகளையும் பூட்டிவைக்கும் அறை. அதற்குப் பொறுப்பாளர் எலி நல்லபெருமாள். பணியில் இருக்கும் எலியைப் பணியில் இருக்கும் பூனை தின்னக்கூடாது என்று நடத்தை விதி இருந்தது. இருந்தாலும் அவர் எச்சரிக்கையான ஆசாமி.

"மேடம், நாலடி தள்ளி நின்னு பேசுங்க."

"சார், இந்த ஏழாம் நம்பர் கருவிக்கு என்ன தகுதி வேணும்?"

நல்லபெருமாள் படிவத்தைப் புரட்டினார். "எடை, நிறம், எந்த வருஷத்துத் தயாரிப்பு. அவ்வளவுதான்."

"முன்பழக்கம்?"

"கருவிக்கு ஏது மேடம் பழக்கம்?"

மறுநாள் காலை செங்கமலம் தன் புருஷனை வாழைமட்டையில் போட்டு இழுத்துக்கொண்டு வந்தாள். எடை நாலரைக் கிலோ. நிறம் சாம்பல். நிலைமை, பயன்படுத்தியது. சடையப்பனின் காதில் தகரத் தகடு குத்தி, கருவி எண் ஏழு என்று பதிவேட்டில் ஏற்றினார்கள். "வலிக்குதாங்க?" என்று அவள் கேட்டாள். "எது?" என்றான் அவன்.

பிறகு அவனை ஓடைக்கரையில் இறக்கிவிட்டாள். மாதக்கணக்கில் நடக்காத சடையப்பன் ஒருமுறை காற்றை முகர்ந்தான். எழுந்தான். நடந்தான். அப்புறம் ஓடினான், ஐயா, என்ன ஓட்டம்! புல் அசையவில்லை. பின்னாலேயே செங்கமலம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கல்யாணமான புதிதில் இருவரும் இப்படித்தான் காட்டுக்கோழிக்குப் பின்னால் ஓடினார்கள். அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு. எங்கே ஓடுகிறோம் என்பதையே ஒரு நிமிஷம் மறந்துபோனாள்.

ஓட்டம் ஓடைமேட்டுக் குகையில் முடிந்தது, கருவி காட்டியதால் வாரண்டும் கிடைத்தது. நாற்பது மூட்டை. ஏழு காட்டுச் சரித்திரத்தில் இல்லாத வேட்டை. பரஞ்சோதியைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார்கள். மேசை போதாமல் பாறைமேல் மூட்டைகளை அடுக்கிப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் எல்லோரையும்விட நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது பரஞ்சோதிதான். "என் மாணவி!" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெருமை பொய்யில்லை.

நாலாம் நாள் விசாரணை. அதுவரை நாற்பது மூட்டையும் சரக்கு வீட்டில் இருக்க வேண்டும். செங்கமலம் தானே பூட்டிச் சீல் வைத்தாள். சந்தோஷத்தில் அவள் கவனிக்க மறந்தது ஒன்றே ஒன்று. துறைக் கருவிகள் ஒன்று முதல் ஏழு வரை, உபயோகத்தில் இல்லாதபோது, அதே அறையில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. நல்லபெருமாள் விதி தவறாதவர். படம் எடுத்து முடிந்ததுமே ஏழாம் நம்பரை உள்ளே கொண்டுபோய் விசிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வீட்டுக்கு வராத புருஷனை அவள் தேடவில்லையா என்றால், தேடினாள். "கருவி பத்திரமா இருக்கு மேடம்" என்றார் நல்லபெருமாள். வைத்தியரிடம் வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

விசாரணை நாள் காலையில் சீலை உடைத்துக் கதவைத் திறந்தாள்.

நாற்பது மூட்டையும் தரையோடு தரையாகத் தட்டையாகக் கிடந்தன. நடுவில் சடையப்பன், நாலு காலும் மேலே. சுவர்ப் பொந்து வழியாக வந்த பதினோரு எலிகள் அவன் வயிற்றில் தலைவைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. பூனை வயிற்றில் எலி தலைவைத்துப் படுத்திருந்த அந்தக் காட்சியைப் பார்த்து அழுவதா கும்பிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்லபெருமாள் தள்ளாடியபடி வந்து, நாலடி தள்ளி நிற்க மறந்து, அவள் காலடியிலேயே உட்கார்ந்தார்.

"கவலைப்படாதீங்க மேடம். அறிக்கை தயார். மூணு பிரதி."

அறிக்கையில் ஒரே வரி: 'சரக்கு வீட்டில் இருந்த நாற்பது மூட்டையையும் மனிதர்கள் தின்றுவிட்டார்கள்.'

"மனுஷங்களா? இங்க எந்த மனுஷன் வந்தான்?"

"ஊருக்குள்ள மனுஷப் போலீஸ்ல இப்படி ஆனா, எலி தின்னுருச்சுன்னு எழுதுவாங்களாம். பதிலுக்கு நாம முறை செய்ய வேண்டாமா?"

"உண்மையை எழுதுனா?"

நல்லபெருமாள் விரல்விட்டுச் சொன்னார். போதையிலும் அவருக்குச் சட்டம் தெளிவாக இருந்தது. வயிற்றுக்குள் இருப்பதும் சரக்குதான். தின்றவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் வழக்கு நிற்கும், பரஞ்சோதிக்குப் பத்து வருஷம். கூடவே தின்றவர்களுக்கும் பத்து. புருஷனைக் கருவி என்று எழுதியவருக்கு வேலையும் போய், கூண்டு. அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை, பரஞ்சோதி உட்பட.

வெளியே சிறகுச் சத்தம். உத்தமநாதர் வாசல் கிளையில் வந்து அமர்ந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார். தட்டை மூட்டைகளையும், பாடுகிற எலிகளையும், சிரிக்கிற பூனையையும் பார்த்தார். அறிக்கையை வாங்கிப் படித்தார்.

"அப்படியா? மனுஷங்களா? சரி, இதுக்கு ஒரு கேள்வி கேட்டாகணும். ஏம்மா, இந்த அறையில ஏதாவது வாசனை வருதா?"

வாசனை கண்ணை எரித்தது. தொண்டை வரை இறங்கியது. இத்தனை பாடுபட்டு, வரிசையில் நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் இந்தத் தொப்பியை வாங்கியது இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லத்தான். செங்கமலம் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறந்து, "சனிக்கெழமை வந்துருச்சு புள்ள" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவன் பேசி அவள் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"ஜலதோஷம்ங்க ஐயா" என்றாள்.

"எனக்கும்தான்" என்று சொல்லி உத்தமநாதர் முத்திரை குத்தினார்.

பரஞ்சோதி அன்று மாலையே வெளியே வந்தார். மறுநாள் அத்திமரத்தில் புது ஃபிளெக்ஸ். செங்கமலத்தின் முகம் நடுவில், தொப்பியோடு. 'எங்கள் நிறுவனரையே கைது செய்தவர், எங்களிடம் பயின்றவர்! அடுத்த வகுப்புக்கு முந்துங்கள்.' பயிற்சி மையத்தில் இடம் கிடைக்காமல் வரிசை கொய்யாமரம்வரை நின்றது.

துறைக்கும் குறைவில்லை. வாரம் ஒரு வேட்டை, வாரம் ஒரு படம், வாரம் ஒரு அறிக்கை. மனிதர்கள் தின்பதற்கு ஒரு அளவே இல்லாமல் போய்விட்டது என்று ஏழு காட்டு ராஜாக்களும் வருத்தம் தெரிவித்தார்கள். செங்கமலம் தலைமைப் புலனாய்வாளர் ஆனாள். ஏழாம் நம்பர் கருவியை அலுவலக நேரம் முடிந்ததும் அதிகாரி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று விதியைத் திருத்தி வாங்கியது மட்டும்தான் அவள் தனக்காகச் செய்துகொண்டது.

இப்போதெல்லாம் சடையப்பன் விடிவதற்குள் எழுந்துவிடுகிறான். முகம் கழுவுகிறான். காதுத் தகட்டைப் பாதத்தால் துடைத்துப் பளபளப்பாக்குகிறான். "லேட்டாகுது புள்ள, கெளம்பு" என்று அவளைத்தான் அவசரப்படுத்துகிறான். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. வனதேவதையிடம் கேட்ட மூன்றும் அப்படியே கிடைத்துவிட்டன. செங்கமலம் அவன் பின்னாலேயே நடந்து போவாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பார்க்கிறவர்கள் கேட்டால் ஜலதோஷம் என்பாள்.

நீதி: புருஷனைத் திருத்தப் பாடுபடும் பெண்களே, வீண் சிரமம் வேண்டாம். காலியாக உள்ள ஏதாவது ஒரு வரிசை எண்ணில் அவரைப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.